பாப்பாவைக் காட்டவில்லை என்றால் பணம் போட வேண்டுமா?

போன வியாழக்கிழமை ராத்திரி பத்தேகாலுக்கு, ஃபவுண்டரியில் என் ஷிஃப்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன் போட்டான். "அண்ணா, மூணு வாரமா பாப்பாவைக் காட்டவே மாட்டேங்கறாங்க. இந்த மாசம் ஜீவனாம்சக் காசு போடோணுங்களா?"

"போடு" என்றேன்.

அவனுக்குப் பிடிக்கவில்லை. "நீங்களே இப்படிச் சொன்னா எப்படிங்கண்ணா?" என்றான். நானும் விவாகரத்து ஆனவன், அதனால் அவன் பக்கம் நிற்பேன் என்று நினைத்திருக்கிறான். அவன் பக்கம் நின்றதால்தான் அப்படிச் சொன்னேன். அந்தத் தம்பிக்கு விளக்கிச் சொன்னதையே கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆறு வருஷம் கோர்ட் வராந்தாவில் நின்ற அனுபவமும், அப்போது படித்துத் தெரிந்துகொண்டதும்தான்.

நான் ஒரு முறை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் சனி, நான்காம் சனி மகளைப் பார்க்கலாம் என்று ஆர்டர். உக்கடத்தில் பஸ் ஏறி பொள்ளாச்சி போவேன். "காய்ச்சல்", "டியூஷன்", "ஊருக்குப் போயிருக்கா" என்று ஏதாவது ஒன்று சொல்வார்கள். கதவு வரைக்கும் போய்த் திரும்பிய நாட்கள் உண்டு. ஒரு கட்டத்தில், "பிள்ளையைக் காட்டாதவங்களுக்கு எதுக்குப் பணம்" என்று மாசம் ஒன்பதாயிரத்தை நிறுத்தினேன். என்னை மாதிரி அப்பாக்கள் இருக்கும் வாட்ஸாப் குழுவில் கைதட்டாத குறை. நாலு மாசம் கழித்து, ஆர்டர்படி பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் நிறைவேற்று மனுவின் நோட்டீஸ் வந்தது. அன்றைக்கு ஜட்ஜ் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பணம் கட்டினீங்களா, இல்லையா?" நான் பஸ் ஏறிப்போன கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். "அதுக்குத் தனியா மனு போடுங்க" என்றார். முப்பத்தாறாயிரத்தைக் கடன் வாங்கிக் கட்டினேன்.

விஷயம் இவ்வளவுதான். சட்டத்தில் இது இரண்டும் இரண்டு கணக்கு. பணம் பிள்ளையின் உரிமை, அம்மா அதை வாங்கிச் செலவு பண்ணுகிற ஆள். அம்மா செய்த தப்புக்குப் பிள்ளையின் சோற்றை நிறுத்த முடியாது. காட்டவில்லை என்றால், காட்டச் சொன்ன ஆர்டரை மீறினார்கள் என்று அதே கோர்ட்டில் மனு போட வேண்டும். அந்த மனு போடும்போது உங்கள் பக்கம் பாக்கி இருந்தால் முதல் அடி உங்களுக்குத்தான்.

மனைவி, பிள்ளைக்கு ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 144 ஆகிவிட்டது. நம்பர் மாறியதே தவிரப் பல் அப்படியேதான் இருக்கிறது. கட்டாத ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு மாசம் வரைக்கும் உள்ளே வைக்கலாம். சிலர், "போய் உட்கார்ந்துட்டு வந்தா கணக்கு முடிஞ்சது" என்கிறார்கள். முடியாது. குல்தீப் கவுர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சிறை என்பது வசூலுக்கான வழிதான், கடன் தீர்வது அல்ல. உள்ளே போய் வந்த பிறகும் பணம் பாக்கிதான்.

அடுத்து எல்லோரும் கேட்பது: "அவங்களும் சம்பாதிக்கறாங்களே?" இது நியாயமான கேள்வி. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956, பிள்ளையைப் பராமரிக்கும் கடமையை அப்பா அம்மா இருவர் மேலும்தான் வைக்கிறது. 2000-ல் பத்மஜா சர்மா வழக்கில் இருவரும் சம்பாதிப்பவர்கள். அப்பாவின் சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால் பிள்ளைகளின் செலவை இரண்டுக்கு ஒன்று என்று உச்ச நீதிமன்றம் பிரித்தது. அம்மாவின் சம்பளம் உங்கள் பங்கைக் குறைக்கலாம், பூஜ்யம் ஆக்காது.

அந்த "சம்பளத்தில் 25 சதவீதம்" கதையையும் விட்டுவிடுங்கள். 2017-ல் ஒரு தீர்ப்பில் மனைவிக்கு நிகரச் சம்பளத்தில் கால்பங்கு நியாயம் என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அதையே பிள்ளைக்கும் சட்டம் என்று பரப்புகிறார்கள். நம் நாட்டில் பிள்ளைக்கு இவ்வளவு என்று அட்டவணை ஒன்றும் கிடையாது. வருமானம், செலவு, பிள்ளை வாழ்ந்த தரம் எல்லாவற்றையும் பார்த்து ஜட்ஜ் முடிவு செய்வதுதான்.

வருமானத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. 2020 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்பிலிருந்து இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தாக வேண்டும். நான் அதில் பைக் இ.எம்.ஐ., பர்சனல் லோன், சீட்டுப் பணம் எல்லாவற்றையும் போட்டு, "கையில் மிஞ்சுவது பதினோராயிரம்" என்று காட்டினேன். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். நீங்களாக வாங்கிக்கொண்ட கடனைக் கழித்துக் காட்டினால் கோர்ட்டுகள் பொதுவாக ஏற்பதில்லை. பி.எஃப்., வரி மாதிரிக் கட்டாயப் பிடித்தம் வேறு. ஓவர்டைமை மறைக்கலாம் என்றும் யோசனை சொன்னார்கள். பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள் ஐயா, மறைத்தது வெளியே வந்தால் அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

அதே தீர்ப்பில் இன்னொன்று இருக்கிறது, அப்பாக்களை உண்மையிலேயே சாய்ப்பது அதுதான். ஜீவனாம்சம் ஆர்டர் போட்ட தேதியிலிருந்து இல்லை, மனு போட்ட தேதியிலிருந்து. என் வழக்கில் இடைக்கால ஆர்டர் வரப் பதினாலு மாசம் ஆனது. ஒன்பதாயிரம் வீதம் ஒரே நாளில் தலையில் விழுந்தது 1,26,000 ரூபாய். வாய்தா வாங்கி வாங்கி இழுத்தவனே நான்தான், அப்போது சந்தோஷமாக இருந்தது! வழக்கு நடக்கும்போதே முடிந்ததைப் பேங்க் மூலம் அனுப்பியிருந்தால் அதைக் கழிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். நான் அப்போது கொடுத்ததெல்லாம் கையில். ஒரு முறை பஸ் ஸ்டாண்டில், இரண்டு முறை மாமனார் கையில். ஒன்றுக்கும் அத்தாட்சி இல்லை. இப்போது மாசம் ஐந்தாம் தேதி யு.பி.ஐ.-யில் போடுகிறேன், குறிப்பில் மகள் பெயரும் எந்த மாசம் என்பதும் இருக்கும்.

வேலை போனால்? தானாகக் குறையாது. அதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது, பழைய சட்டத்தில் 127, புதியதில் 146. சூழ்நிலை மாறிவிட்டது, தொகையை மாற்றுங்கள் என்று மனு போட வேண்டும். வேலை போன அந்த மாசமே போட வேண்டும். வேண்டுமென்றே வேலையை விட்டவனுக்கு இது உதவாது. 2022-ல் அஞ்சு கார்க் வழக்கில், உடம்பில் தெம்பு இருப்பவன் கூலி வேலை செய்தாவது மனைவி பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மற்றவை சுருக்கமாக. அம்மா மறுமணம் செய்தால் அவருக்கான ஜீவனாம்சம் நிற்கும், பிள்ளைக்கானது நிற்காது. பரஸ்பர சம்மதத்தில் "ஒரே தடவை செட்டில்மென்ட், இனி பிள்ளைக்கும் எதுவும் கேட்க மாட்டோம்" என்று எழுதி வாங்கினாலும், பிள்ளையின் உரிமையை அம்மா விட்டுக்கொடுக்க முடியாது. பொதுவாகப் பதினெட்டு வயது வரைக்கும் என்றாலும், இந்துக் குடும்பங்களில் கல்யாணமாகாத, சொந்த வருமானம் இல்லாத மகள் அதற்கப்புறமும் 1956 சட்டத்தில் கேட்கலாம். 2020-ல் அபிலாஷா வழக்கில் அதை உறுதி செய்தார்கள். வருமான வரியில் கழிவு? கிடையாது.

இவ்வளவு சொல்லிவிட்டு அப்பாக்களுக்குக் குறையே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். இந்துத் திருமணச் சட்டம் 26-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். வழக்கு நடக்கும்போது பிள்ளையின் பராமரிப்பு, படிப்புச் செலவுக்கான மனுவை முடிந்தவரை அறுபது நாளில் முடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பிள்ளையைப் பார்க்கும் மனுவுக்கு அந்த அறுபது நாள் இல்லை. மூணு வயதுக் குழந்தை ஒரு வருஷம் அப்பாவைப் பார்க்கவில்லை என்றால் முகமே மறந்துவிடும். என் மகள் முதல் சனிக்கிழமை என்னைப் பார்த்து அவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் வாங்கிப்போன தேங்காய் பன் அப்படியே கவரோடு திரும்பி வந்தது. சோற்றுக்குக் கெடு வைத்த சட்டம் இதற்கும் ஒரு கெடு வைத்திருக்க வேண்டும். இதைக் கேட்டுச் சண்டை போடலாம், நானும் வருகிறேன். ஆனால் பாக்கி வைத்துக்கொண்டு போய்ப் போட முடியாது அந்தச் சண்டையை.

தம்பியிடம் பார்க்கும் மனுவுக்கு என்ன வேண்டும் என்றும் சொன்னேன். எந்தெந்தத் தேதியில் போனாய், யார் கதவைத் திறந்தார்கள், என்ன சொன்னார்கள், அன்றைக்கே எழுதி வை. போவதற்கு முந்தின நாள் "நாளைக்கு வருகிறேன்" என்று மெசேஜ் போடு. நான் உக்கடம் - பொள்ளாச்சி பஸ் டிக்கெட்டுகளைக் கூட ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன். வக்கீல் அதை ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டச் சொன்னார். பதினேழு டிக்கெட்.

வெள்ளிக்கிழமை காலை டீ பிரேக்கில் வந்து போனைக் காட்டினான். பணம் போட்டிருந்தான், குறிப்பில் பாப்பா பேரோடு.

"அப்புறம் அந்த மனு போட்டுறலாங்களாண்ணா?"

"போடலாம். டிக்கெட்டெல்லாம் வெச்சிருக்கியா?"

"இல்லீங்கண்ணா, பைக்லதான் போனேன்."

"பெட்ரோல் பில்லு?"

தலையைச் சொறிந்தான்.