சூடா இருக்கும்போது பாருங்கன்னு எத்தன தடவ சொல்றது

லாரி ரிப்பேர் ஷெட்டுக்காரர்கிட்ட இன்னைக்கும் அதே பதில்தான். சாவியத் திருகி ஸ்டார்ட் பண்ணிக் காட்டிட்டு, "நல்லாத்தான இருக்கு, எடுத்துட்டுப் போங்க"ங்கிறார். ராத்திரி பூரா ஷெட்டுல ஆறிப்போய் நின்ன வண்டி ஸ்டார்ட் ஆகாம என்ன செய்யும்! சூட்டுல நிறுத்துனா திரும்ப எடுக்க மாட்டேங்குதுங்கிறதுதான என் கம்ப்ளெயிண்டே, மூணு தடவ சொல்லியாச்சு, மூணு தடவயும் ஆறின வண்டியப் பாத்துட்டு ஒரு தடவ பேட்டரி, ஒரு தடவ ஸ்டார்ட்டர்னு மாத்திட்டு காச வாங்கிட்டாங்க.

போன வாரம் ரங்கூன் வர்ற வழியில கியாய்க்டோ ஊர்ல பட்ட பாடு இருக்கே. மோல்மீன்ல டுரியான் ஏத்திட்டு ரங்கூன் வர்றேன், மே மாச வெயிலு, டீ குடிக்க இருவது நிமிஷம் ஆஃப் பண்ணேன், அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் ஜம்முனு சுத்துது, எஞ்சின் பிடிக்கல. விட்டு விட்டு சுத்துறேன், ம்ஹூம். கிளீனர் பையன சைலன்சர் பக்கம் நிக்க வச்சேன், "அண்ணே புகையே வரல"ங்கிறான். புகையே இல்லேன்னா டீசல் உள்ள போகலன்னு அர்த்தம், இது ஷெட்டு வச்சிருக்கவருக்குத் தெரிய வேணாமா? டீசல திறந்து விடுற ஸ்டாப் சொலினாய்டுல டெஸ்ட் லைட்ட வச்சுப் பாத்தேன், கரண்ட் வருது, டக்குனு சத்தமும் கேக்குது. எஞ்சினுக்குள்ள டீசல பீச்சுற இன்ஜெக்டரோட பைப் நட்டு ஒண்ண லூஸ் பண்ணி பையன சுத்தச் சொன்னேன், பீச்சி அடிக்க வேண்டிய டீசல் சும்மா கசியுது. சாக்க நனைச்சு டீசல் பம்பு மேல போத்திட்டு கால் மணி நேரம் உக்காந்தோம், ஒரே சுத்துல பிடிச்சிருச்சு!

அப்ப பம்புதான. இது ரோட்டரி பம்பு, டீசலேதான் அதுக்கு ஆயிலும். உள்ள சுத்துற ரோட்டரும் அது உக்காந்திருக்கிற ஹெட்டும் தேஞ்சுபோச்சு, ஆறின டீசல் கெட்டியா இருக்கு தாங்குது, சூடானா தண்ணியா இளகி அந்த இடுக்கு வழியா பின்னாடி ஓடிருது. ஓடும்போது வேகம் இருக்கறதால தெரியாது, ஸ்டார்ட்டர் சுத்துற வேகத்துல இன்ஜெக்டரத் திறக்க வேண்டிய நூறு பாருக்கு மேல பிரஷர் எங்கேர்ந்து வரும்? ஆஃப் பண்ணதும் ஃபேன் காத்தும் நின்னுபோய் பம்பு இன்னும் கொதிக்குது. இத்தனையும் சொன்னா, பச்சத்தண்ணிய மொண்டு ஊத்திட்டு ஓட்டுங்கங்கிறார். கொதிக்கிற பம்புல தண்ணி ஊத்தி ரோட்டர் இறுகிட்டா எவன் குடுப்பான் புது பம்பு? அர மணி நேரம் ஓட்டிட்டு வந்து அங்கயே ஆஃப் பண்றேன், அப்பப் பாருங்கன்னு கெஞ்சுறேன், அதுக்கு நேரம் இல்லையாம்!

அன்னைக்கு ரங்கூன் சேர்றதுக்குள்ள பாதி டுரியான் வெடிச்சுப்போச்சு. அதுக்கு நடுவுல இந்த ஸ்டீயரிங் வேற, பர்மாவுல 1970லேயே ரோட்டுல வலது பக்கமா ஓட்டணும்னு மாத்தியாச்சு, எங்க பழைய வண்டியெல்லாம் இன்னும் வலது பக்க ஸ்டீயரிங்தான், முன்னால பஸ்ஸு போனா எதுக்க என்ன வருதுன்னே தெரியாது, பையன்தான் இடது பக்கம் தலைய நீட்டி "போலாம்ணே"ன்னு சொல்லணும். பெகு தாண்டி ஒரு பஸ்ஸு பின்னாடியே உருட்டிட்டுப் போறேன், சத்தமே காணோமேன்னு திரும்பிப் பாத்தா பய அசந்து தூங்குறான்.