மார்க் வந்த பிறகு கிளம்பினால் ஏஜென்ட்தான் கிடைப்பார்

தமிழ்நாடு, கேரள எல்லையில் உள்ள கம்பம், கூடலூர், குமுளி வட்டாரத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் முதலில் வீடு தேடி வருகிறவர் உறவினர் அல்லர், ஏஜென்ட். எந்தத் தெருவில் எந்தப் பெண் உயிரியல் எடுத்துப் படித்தாள், எவ்வளவு மார்க் வாங்கினாள் என்பதெல்லாம் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. பெங்களூரு, மங்களூரு என்று சில நர்சிங் கல்லூரிகளின் பளபளப்பான புத்தகங்களைத் திண்ணையில் விரிப்பார். இன்றைக்கு முன்பணம் கட்டினால் சீட் உறுதி, அடுத்த வாரம் என்றால் தன்னால் சொல்ல முடியாது என்பார். ஏலக்காய்த் தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப்பில் போய் இருட்டியபின் இறங்கும் தாய்க்கு விசாரிக்க ஏது நேரம்? கழுத்தில் கிடப்பது அடகுக் கடைக்குப் போய்விடுகிறது.

நான் இங்கே பஸ் நிலையத்துக்கு அருகில் கணினி மையம் நடத்துகிறேன். விண்ணப்பம் நிரப்புவதும் சான்றிதழ் ஸ்கேன் செய்வதும்தான் பிழைப்பு. ஆண்டுதோறும் இதே கூத்தைப் பார்த்துச் சலித்துப்போய் எழுதுகிறேன். எங்கள் எல்லைப் பகுதிப் பிள்ளைகளுக்கு அரசு ஒதுக்கீட்டில் பி.எஸ்சி. நர்சிங் இடம் கைநழுவுவது பெரும்பாலும் மார்க் குறைந்து அல்ல, காகிதம் குறைந்துதான். அந்தக் காகிதத்தைத் தேடக் கிளம்ப வேண்டிய நேரம் பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை.

முதலில் ஒரு வதந்தியைக் கொன்றுவிடுகிறேன். நர்சிங்குக்கு நீட் வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட, கடன் வாங்கிப் பயிற்சி மையத்தில் சேர்த்த குடும்பங்கள் இங்கே உண்டு. தமிழ்நாட்டில் பழைய பொது நுழைவுத் தேர்வு 2007-லேயே ஒழிந்துவிட்டது. பி.எஸ்சி. நர்சிங் இடங்களை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நிரப்புகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் அப்படியே. அங்கே திருவனந்தபுரத்தில் உள்ள எல்.பி.எஸ். மையம் விண்ணப்பம் வாங்கி இடம் ஒதுக்குகிறது. நீட் மதிப்பெண் கேட்பவை புதுச்சேரி ஜிப்மர், ராணுவ செவிலியர் பணிக்கான படிப்பு போன்ற சில. எய்ம்ஸ் தனியாகத் தேர்வு வைக்கிறது. அவற்றில் ஒன்றைக் குறிவைக்கிற பிள்ளை தாராளமாகப் படிக்கட்டும். தேனியிலோ மதுரையிலோ கோட்டயத்திலோ அரசுக் கல்லூரி கிடைத்தால் போதும் என்கிற பிள்ளைக்கு, அந்தப் பயிற்சிக் கட்டணம் வீண்செலவு. அதே நேரத்தை இயற்பியல் புத்தகத்தில் செலவிட்டால் தரவரிசையில் மேலே வரலாம்.

தகுதி என்ன என்பது ஒரு பத்திக்குள் அடங்கிவிடும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்து, அவற்றில் மொத்தமாக 45 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40. ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். இவை இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த குறைந்தபட்ச அளவு. இதற்கு மேல் மாநிலங்கள் கூடுதலாகக் கேட்கலாம் என்பதால் அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை முழுதாகப் படிக்க வேண்டும். கணிதம் வராது என்று பதினோராம் வகுப்பில் வணிகவியல் எடுத்துவிட்டு, இரண்டாண்டு கழித்து வந்து நர்சிங் கேட்பவர்களுக்கு நான் என்ன செய்ய? அறிவியல் பிரிவை விட்டதோடு அந்தக் கதவு மூடிவிட்டது.

இனிக் காகிதத்துக்கு வருகிறேன். கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த பெண்ணைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு வரை அங்கே தமிழ் வழியில் படித்தாள். மேல்நிலைக்குக் கூடலூரில் பாட்டி வீட்டுக்கு வந்தாள். நல்ல மார்க். தாயும் மகளுமாக ஒரு துணிப்பை நிறையக் காகிதத்தோடு வந்தார்கள். என் மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். பிறப்புச் சான்றிதழ் கேரளப் பஞ்சாயத்து கொடுத்தது. ரேஷன் அட்டை கேரளத்தது. சாதிச் சான்றிதழும் பீர்மேடு தாசில்தார் கொடுத்தது. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் மட்டும் தமிழ்நாட்டுடையது. பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் முழுதாக இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து மட்டும். ஆதாரில் அவளுடைய பெயரே ஆங்கிலத்தில் ஓர் 'எச்' கூடிப்போய் வேறு யாரோ மாதிரி இருக்கிறது. "தம்பி, இது எல்லாமே என் பிள்ளைதான்" என்றார் அந்தத் தாய். எனக்குத் தெரியும் அக்கா, கணினிக்குத் தெரியாதே.

அவள் தமிழ்நாட்டில் விண்ணப்பித்தால், பள்ளிப் படிப்பின் பெரும்பகுதி வெளிமாநிலம் என்பதால் பிறப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். கேரளத்தில் விண்ணப்பித்தால், பிளஸ் டூ வெளிமாநிலம் என்பதால் அங்கேதான் பிறந்தாய், வளர்ந்தாய் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். மொழிவாரி மாநிலப் பிரிப்பில் 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டையும் குமரியும் இந்தப் பக்கம் வந்தன, தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கமே நின்றன. அந்தக் கோட்டின் பாக்கியை இன்றுவரை பிள்ளைகள்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சாதிச் சான்றிதழ் இதைவிடச் சிக்கல். ஒரு மாநிலத்துப் பட்டியல் அந்த மாநிலத்துக்கு மட்டும்தான். பிழைப்புக்காக வேறு மாநிலம் போனவர் பிறந்த மாநிலத்துச் சலுகையைப் போன இடத்தில் கோர முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதுவும் ஆந்திரத்திலிருந்து மும்பைக்குப் போன மாணவர் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட வழக்கில்தான். கேரளத் தோட்டங்களில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டால், பட்டியல் சாதிகள் எவை என்று குடியரசுத் தலைவரின் ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே முன்னோர்கள் அங்கே குடியேறிவிட்டார்கள் என்று காட்டச் சொல்கிறார்கள். லயத்தில் இருந்தவனிடம் பட்டா ஏது, பத்திரம் ஏது? தேவிகுளம் தனித்தொகுதியில் எம்.எல்.ஏ. ஆன ராஜாவின் தேர்தல், அவருடைய பட்டியல் சாதித் தகுதியைக் கேள்வி கேட்ட வழக்கில்தான் 2023-இல் கேரள உயர் நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எம்.எல்.ஏ.வுக்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பிளஸ் டூ முடித்த பெண் எந்த நீதிமன்றத்துக்குப் போவாள்?

அந்தப் பெண்ணுக்காகத் தாத்தாவின் பழைய காகிதங்களைத் தேடிப் பாட்டியின் தகரப் பெட்டியைக் கவிழ்த்தோம். சித்தப்பாவின் சாதிச் சான்றிதழ் ஒன்று கிடைத்தது, தாத்தா பெயரில் கூடலூரில் வீட்டுவரி கட்டிய ரசீது கிடைத்தது. வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டிச் சான்றிதழ் வந்தபோது விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்கியிருந்தது. அவளுக்கு அரசு ஒதுக்கீட்டில் ஒரு தனியார் கல்லூரி கிடைத்தது. இதே தேடலைப் பத்தாம் வகுப்பிலேயே தொடங்கியிருந்தால் அவ்வளவு அலைச்சல் இல்லை, கடைசி வாரம் சோறு தண்ணீர் இல்லாமல் இருந்திருக்கவும் வேண்டாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பள்ளியிலிருந்து பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்கு முன்பே எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்வது எளிது. அச்சாகி வந்த பிறகு திருத்துவது தனி வனவாசம். இந்தப் பக்கம் இ-சேவை மையம், அந்தப் பக்கம் அதே மாதிரி கேரளத்தின் அட்சயா மையம். இரண்டிலும் விண்ணப்பிப்பது எளிதாகிவிட்டது, இணைக்க வேண்டிய ஆதாரம்தான் இல்லை. அதைக் கோடையில் உட்கார்ந்து தேடலாம். முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இவற்றையும் அந்த வரிசையிலேயே கேட்டு வாங்கிவிடலாம்.

இதைச் சொன்னால் சிலர், மார்க்கும் காகிதமும் இருந்தால் போதுமா என்று கேட்கிறார்கள். போதாது. முதல் செமஸ்டரிலேயே ஆங்கிலத் தகவல்தொடர்பு, உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், செவிலிய அடிப்படை என்று பாடங்கள் வரிசை கட்டி நிற்கின்றன, எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் நன்றாகப் படித்த பிள்ளை முதல் தேர்வில் வாய் திறக்க முடியாமல் அழுது ஊருக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். முடிவுக்காகக் காத்திருக்கும் நாள்களில் பிளஸ் ஒன், பிளஸ் டூ விலங்கியல் பாடத்தை ஆங்கிலப் புத்தகத்தில் ஒருமுறை படித்துவிட்டால் பாதி பயம் போய்விடும். இதயம், சிறுநீரகம், நரம்பு எல்லாம் ஏற்கெனவே தெரிந்த சங்கதிதானே. நர்சிங்கில் கணக்கு இல்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று: 500 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், குழாயில் ஒரு மில்லிக்கு 20 துளி என்றால் நிமிடத்துக்கு எத்தனை துளி? 500-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் ஏறக்குறைய 21. ஏழாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் வார்டில் நடு இரவில் தப்பில்லாமல் போட வேண்டும்.

ஏஜென்ட்டைத் திரும்பவும் இழுக்கிறேன், அவரை விட மனமில்லை. அவருடைய பலம் எதில் இருக்கிறது என்றால், முடிவு வருவது மே மாதம், அரசுக் கலந்தாய்வு முடிவதற்கு அதன்பின் பல மாதங்கள். அந்த இடைவெளியில் பெற்றோருக்கு வரும் பயம்தான் அவருடைய மூலதனம். கூடவே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பிறகு அரசு இடம் கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு வர முடிவதில்லை. உயர்கல்வி நிறுவனங்கள் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. அதை ஏஜென்ட் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். ஒளிநகல் மட்டும் கொடுங்கள். வெளிமாநிலக் கல்லூரி என்றால் அங்குள்ள சுகாதாரப் பல்கலைக்கழகத்தில் இணைந்ததா, மாநில நர்சிங் கவுன்சிலும் இந்திய நர்சிங் கவுன்சிலும் அதை ஏற்றிருக்கின்றனவா என்று பட்டியலில் பார்த்தபின் பேசுங்கள். பெங்களூரில் நல்ல கல்லூரிகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவை ஏஜென்ட் பையில் வருவது அபூர்வம்.

நகையைத் தொடுவதற்கு முன் வங்கியைத் தொடுங்கள். கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை நாம் கையிலிருந்து போட வேண்டிய முன்பங்குத் தொகை கேட்பதில்லை, 7.5 லட்சம் வரை சொத்துப் பிணையும் கேட்பதில்லை. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டிக்கு மத்திய அரசின் மானியத் திட்டம் உண்டு. மேலாளர் முகத்தைச் சுளிப்பார்; கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, அந்த எண்ணோடு போய் நில்லுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பதினொன்றில் கேரளத்திலிருந்து இங்கே மாறிய எங்கள் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை, பாருங்கள்.

இவ்வளவு பாடுபட்டுப் படித்து வந்தால் சம்பளம் என்ன என்று கேட்பீர்கள். 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸ் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு 2016-இல் பரிந்துரைத்தது. கேரள நர்சுகள் வீதிக்கு வந்து போராடி 2018-இல் அதை அரசாணையாகவே வாங்கினார்கள். நம் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளில் இன்றும் அதில் பாதியைக் கொடுத்து, பெரிய மனது வைத்ததுபோல் பேசுகிறார்கள். குமுளி மலையேறிப் போய் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

அரசிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயில் திருவிழா வருகிறது. அந்த ஒரு நாளுக்காகத் தேனி, இடுக்கி இரு மாவட்ட நிர்வாகங்களும் ஒன்றாக உட்கார்ந்து ஜீப், குடிநீர், முதலுதவி, போலீஸ் என்று எல்லாவற்றையும் பேசி முடிவு செய்கின்றன. ஆண்டுதோறும் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. பொதுத்தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் காலமும் அதுதான். அதே கூட்டத்தில் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, குமுளியில் ஒரு சான்றிதழ் முகாமுக்கு நாள் குறிக்கட்டும். இரு பக்கத்துத் தாசில்தார்களும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையாக வைத்தால் தோட்டக் கூலி போகாது.