நாயை நாலடிச் சங்கிலியில் கட்டுறவங்களே, கொஞ்சம் மாடிக்கு வாங்க

வேளச்சேரிப் பக்கம் விலங்குரிமைக்காரர் ஒருத்தர். நாயைக் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுறதை எதிர்த்து, தன் இடுப்பில் நாலடிச் சங்கிலியை மாட்டி, தெருவோரத் தூணில் பூட்டிக்கிட்டு உட்கார்ந்துடுறார். உடனே கூட்டம். ஒருத்தர் மோர் கொண்டுவர்றார், இன்னொருத்தர் குடை பிடிக்கிறார். நல்ல மனசுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா எதிர் அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில், தண்ணி டேங்க் தூணில் கட்டின ஹஸ்கி நாய் வருஷக்கணக்கா கத்துதே, அதுக்கு ஒரு வாய் மோர் போச்சா? பத்திக்கிட்டு வருது.

நாலடிச் சங்கிலின்னா நாய்க்கு நாலடி இடம் இருக்குன்னு நினைக்காதீங்க. சங்கிலியை மாட்டுற வளையம் தூணில் ரெண்டடி உயரத்தில் இருந்தா, படுக்கும்போது கிடைக்கிறது மூணரை அடிதான். அதிலும் கடையில் வாங்குற மலிவுச் சங்கிலி பலதில் சுழல் கொக்கி, அதாவது முறுக்கு விழாம தானா சுழலுற கொக்கி, இருக்காது. நாய் ஒரே பக்கமா சுத்தச் சுத்த முறுக்கு ஏறும், தூணையும் சுத்திக்கும். மத்தியானத்துக்குள் ஒன்றரை அடி ஆயிடும். அந்த இழுப்பில் தண்ணிச் சட்டியும் கவிழும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் சொட்டுத் தண்ணி இல்லை.

நாய்க்கு நம்மை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைச்சுத்தான் சூட்டை இறக்கும், அதுக்குத் தண்ணி வேணும். கத்திரி வெயிலில் மாடித் தளத்தில் புறங்கையை ஏழு விநாடி வச்சுப் பாருங்க. வைக்க முடியலைன்னா அதன் பாதமும் அங்கே வெந்துக்கிட்டுத்தான் இருக்கு.

கழுத்துப் பட்டை இன்னொரு கொடுமை. குட்டியில் போட்டதை அப்படியே விட்டா, நாய் வளர வளர அது தோலை அறுக்கும். ஈ மொய்க்கும், புழு வைக்கும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் ரெண்டு விரல் நுழையணும். வாரம் ஒரு தடவை பார்க்க என்ன கேடு?

சட்டம் இருக்கு. கலாக்ஷேத்ராவை உருவாக்கின ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் போராடி வழிவகுத்த 1960ஆம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டம். குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போட்டா 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஐம்பதே ரூபாய்! ஹெல்மெட் போடலைன்னா 1000 ரூபாய் கட்டுற ஊரில் இதுக்கு யார் பயப்படுவாங்க? அதனால்தான் அந்த மனுஷன் ரோட்டில் உட்கார்றார்.

அவரைப் பார்த்து உட்காரக் கிளம்புறவங்களுக்கு: சங்கிலியை இடுப்பில் மட்டும் மாட்டுங்க, கழுத்தில் வேண்டவே வேண்டாம். சாவி பக்கத்தில் நிற்கிறவர் கையில் இருக்கட்டும். வெயில் ஏறுறதுக்குள், காலை பதினோரு மணிக்குள் போராட்டத்தை முடிச்சு எழுந்துடுங்க.

நாய் வளர்க்கிறவங்களுக்கு: காலையும் மாலையும் அரை மணி நடத்திக் கூட்டிப் போங்க. கொஞ்ச நேரம் கட்டித்தான் ஆகணும்னா நிழலில் கட்டுங்க, சுழல் கொக்கி போடுங்க, கவிழாத கனமான சட்டியில் தண்ணி வைங்க. கைப்பிடிச் சுவரை எட்டுற தூரத்தில் மட்டும் கட்டிடாதீங்க. பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு சுவரைத் தாண்டினா, அந்தப் பக்கம் கழுத்தில் தொங்கும்.