அபீர், ஸ்மதார், அப்புறம் அந்த நிலம்

போன வாரம் நெருங்கிய நண்பர் ஒருவர் கோபமாகக் கேட்டார்: "நீ இஸ்ரேல் பக்கமா, பாலஸ்தீனம் பக்கமா? முதலில் அதைச் சொல்." நான் இரண்டு சிறுமிகளைப் பற்றிச் சொன்னேன்.

இஸ்ரேலியச் சிறுமி ஸ்மதாருக்கு 13 வயது. 1997 செப்டம்பரில் பள்ளிப் புத்தகம் வாங்க ஜெருசலேமின் பென் யெஹுதா தெருவுக்குப் போனாள். பாலஸ்தீன ஆயுதக் குழுவான ஹமாஸின் தற்கொலைக் குண்டு அவளைக் கொன்றது. பாலஸ்தீனச் சிறுமி அபீருக்கு 10 வயது. 2007 ஜனவரியில், ஜெருசலேமை ஒட்டிய அனாத்தாவில், பள்ளிக்கு எதிரே இருந்த கடையில் மிட்டாய் வாங்கிவிட்டு வந்துகொண்டிருந்தாள். இஸ்ரேலிய எல்லைக் காவலர் சுட்ட ரப்பர் குண்டு பின்னந்தலையில் பட்டது. இவர்களின் அப்பாக்கள் ராமி எல்ஹனானும் பஸ்ஸாம் அராமினும் பல வருடங்களாக ஒரே மேடையில், கூடப்பிறந்தவர்கள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

"கேட்க நல்லாத்தான் இருக்கு, நடக்காது" என்றார் நண்பர். இங்கேதான் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவர்கள் வெறும் அன்பைப் போதிப்பவர்கள் இல்லை. பாலஸ்தீன நிலத்தில் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு முடிய வேண்டும் என்று கேட்கிறார்கள். அது நிலத்தைப் பற்றிய பேச்சு.

1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில், ஒஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தானபோது, இஸ்ரேல் பிரதமர் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் அராபத்தும் கைகுலுக்கினார்கள். ஆனால் இஸ்ரேல் ஆக்கிரமித்த நிலத்தில் இஸ்ரேலியர்கள் கட்டிய குடியேற்றங்களை 'பிறகு பேசிக்கொள்ளலாம்' என்று தள்ளி வைத்தார்கள். அப்போது மேற்குக் கரையில் இருந்த குடியேறிகள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். இன்று, கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலே, ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்துவிட்டு, பேச்சு முடியும் முன்பே ஒருவர் பொது நிலத்தில் வீடு கட்டிக்கொண்டே போனால் எந்தப் பஞ்சாயத்து நிற்கும்?

குண்டு வைத்தவர்களை நான் மறக்கவில்லை. 1994இல் ஹெப்ரானில் தொழுகையில் இருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்ற யூதத் தீவிரவாதியையும் மறக்கவில்லை. ராபினைச் சுட்டவனும் ஒரு யூத இளைஞன்தான். அன்று அவர் சட்டைப் பையில் இருந்த அமைதிப் பாட்டுத் தாள் ரத்தத்தில் நனைந்து கிடந்தது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேரைக் கொன்று, 251 பேரைப் பிடித்துக்கொண்டு போனதை விடுதலைப் போராட்டம் என்று என்னால் சொல்ல முடியாது. அதன்பிறகு இஸ்ரேலின் தாக்குதலில் காசாவில், அங்குள்ள சுகாதார அமைச்சகக் கணக்கின்படி, 60,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைத் தற்காப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

எத்தனை நாட்டுத் தலைவர்கள் கூடி எந்த ஊரில் பேசினாலும் சரி, நான் முதலில் தேடிப் படிக்கப் போவது ஒரே ஒரு வரியைத்தான்: மேற்குக் கரையில் நாளையிலிருந்து புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. ஒஸ்லோவில் அந்த வரியை எழுதாமல் விட்டார்கள்.