ரெட் பெரன்சனுக்குக் கிடைத்த ஏழு வருடம்

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் சீசன் முடிந்த கையோடு பயிற்சியாளர்களை வீட்டுக்கு அனுப்பும் வேலை ஆரம்பமாகிவிடும். இரண்டு மூன்று வருடம் சேர்ந்தாற்போல் தோற்றால் போதும், பழைய மாணவர்களும் நன்கொடை கொடுப்பவர்களும் ஆளை மாற்று என்று நெருக்குவார்கள். அந்தச் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக இருந்த ரெட் பெரன்சன் ஞாபகம்தான் வரும். இன்றைய கணக்குப்படி அவரை 1987-லேயே அனுப்பியிருப்பார்கள். அனுப்பாமல் வைத்துக்கொண்டதுதான் அந்தப் பல்கலைக்கழகம் விளையாட்டில் செய்த மிக நல்ல காரியம் என்பது என் கட்சி.

பெரன்சன் கனடாவின் ரெஜைனாக்காரர். 1939-ல் பிறந்தவர். அவர் காலத்தில் அங்கே ஹாக்கியில் கெட்டிக்காரப் பையன் என்றால் ஜூனியர் லீக், அங்கிருந்து நேராகத் தொழில்முறை அணி, அவ்வளவுதான் வழி. அமெரிக்கக் கல்லூரிக்குப் படிக்கப் போனால், வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.ஹெச்.எல். ஆசையை விட்டுவிட வேண்டியதுதான் என்றுதான் பலரும் நினைத்தார்கள். இவர் போனார். 1962 மார்ச்சில் மிச்சிகனுக்காகக் கடைசி ஆட்டம் ஆடிவிட்டு, மறுநாளே மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணியில் என்.ஹெச்.எல். ஆட்டத்தில் இறங்கினார். அப்புறம் 987 ஆட்டங்கள், 261 கோல்கள். 1968-ல் செயின்ட் லூயிஸ் புளூஸுக்காக ஃபிலடெல்ஃபியாவில் ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் அடித்தார். இதற்கெல்லாம் நடுவே மிச்சிகனில் எம்.பி.ஏ. பட்டமும் வாங்கினார். எனக்கு அந்த ஆறு கோலை விட இந்தப் பட்டம்தான் பெரிதாகப் படுகிறது.

ஆடி முடித்தபின் அதே புளூஸ் அணிக்குப் பயிற்சியாளரானார். 1981-ல் என்.ஹெச்.எல்.லின் சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. அடுத்த சீசன் முடிவதற்குள் வேலை போய்விட்டது. விருது கொடுத்து ஒரு வருடம்கூடப் பொறுக்கவில்லை.

1984-ல் மிச்சிகனின் விளையாட்டுத் துறை இயக்குநர் டான் கேனம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார். ஒரு காலத்தில் தேசியப் பட்டங்களை வரிசையாக வாங்கிய அணி அது. ஆனால் கடைசிப் பட்டம் 1964-ல். பெரன்சன் வந்தபோது மிச்சிகனின் சொந்த அரங்கமான யோஸ்டில் இருக்கைகள் நிறைவதே கஷ்டம். வந்தவர் முதல் மூன்று சீசனிலும் வென்றதை விடத் தோற்றது அதிகம். தேசியப் போட்டிக்கு அவருடைய அணி முதன்முதலாகத் தகுதி பெற்றது 1991-ல், அதாவது ஏழாவது சீசனில்.

ஏன் அவ்வளவு நாள் பிடித்தது? கல்லூரிப் பயிற்சியாளர் பதவிக்கு வரும் அன்று அவர் கையில் இருப்பது முந்தைய ஆள் சேர்த்த பையன்கள். புதிதாகச் சேர்க்க வேண்டியவர்கள் இன்னும் பள்ளி வயதில், எங்கோ ஒன்டாரியோவிலோ டெட்ராய்ட் புறநகரிலோ ஆடிக்கொண்டிருப்பார்கள். வீடு வீடாகப் போய் பெற்றோரிடம் பேசி, பையனைச் சம்மதிக்க வைத்து, அவன் வந்து சேர்ந்து, மூன்றாம் நான்காம் வருட மாணவனாகத் தேறி நிற்கும்போதுதான் அது இவருடைய அணி. அதற்கு ஆறேழு வருடம் ஆவது இயல்புதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. என்.ஹெச்.எல். அணி ஒரு பையனைத் தேர்வு செய்து, அவனோடு ஒப்பந்தம் போடும் உரிமையை எடுத்துக்கொண்டாலும் அவன் கல்லூரியிலேயே தொடர்ந்து ஆடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவன்மேல் உரிமை வைத்திருக்கும் அணி எந்த வசந்த காலத்திலும் ஒப்பந்தத்தை நீட்டலாம். பயிற்சியாளர் தன்னிடம் இல்லாத பணத்தோடு போட்டி போட வேண்டும். பெரன்சனிடம் இருந்த ஒரே வாதம் அவருடைய சொந்த வாழ்க்கை: நான் படித்து முடித்துவிட்டுத்தான் போனேன், ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதைச் சொல்ல அவரை விடத் தகுதியான ஆள் கிடையாது.

அந்த வாதம் எடுபட்டதற்கு நல்ல உதாரணம் பிரெண்டன் மாரிசன். 1996 இறுதி ஆட்டத்தில் கொலராடோ காலேஜுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கோல் போட்டு, 32 வருடம் கழித்து மிச்சிகனுக்குப் பட்டம் வாங்கித் தந்தவர். அப்போதே என்.ஹெச்.எல்.லுக்குப் போயிருக்கலாம். நான்காம் வருடத்துக்குத் திரும்பி வந்தார், கல்லூரி ஹாக்கியின் மிகப் பெரிய விருதான ஹோபி பேக்கரையும் அந்த வருடம் வாங்கினார். 1997-ன் அந்த அணி 35 ஆட்டங்களில் வென்று நான்கில் மட்டும் தோற்றது. அந்த நான்கில் ஒன்று தேசிய அரையிறுதி, பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம். மிச்சிகனின் மிகச் சிறந்த அணி எது என்று கேட்டால் பட்டம் வாங்காத அந்த அணியைத்தான் நான் சொல்வேன். அந்த மூத்த மாணவர்கள் மொத்தமாக வெளியேறிய அடுத்த வருடம், முதல் வருடப் பையன்கள் நிறைந்த அணி பாஸ்டனுக்கே போய், இறுதி ஆட்டத்தில் பாஸ்டன் காலேஜை 3-2 என்று கூடுதல் நேரத்தில் வென்று பட்டம் வாங்கியது. வெற்றி கோல் அடித்த ஜாஷ் லாங்ஃபெல்டும் முதல் வருட மாணவர்தான். போகிற மாணவர்கள் வருகிறவர்களுக்கு எதைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

1991 முதல் 2012 வரை 22 வருடம் தொடர்ந்து தேசியப் போட்டிக்குத் தகுதி. 33 சீசனில் 848 வெற்றி. 2010 டிசம்பரில் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் பனித்தளம் போட்டு மிச்சிகன் ஸ்டேட்டோடு ஆடியபோது லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். யோஸ்டில் காலி இருக்கைகளைப் பார்த்துத் தொடங்கியவருக்கு அன்று எப்படி இருந்திருக்கும்!

கடைசிக் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசி ஐந்து சீசனில் தேசியப் போட்டிக்குப் போனது ஒரே ஒரு முறை, 2016-ல். அந்த வருடம் கைல் கானர், ஜே.டி. காம்ஃபர், டைலர் மாட் மூவரும் ஒரே தாக்குதல் வரிசையில் ஆடி எதிரணிகளைத் திணறடித்தார்கள். சீசன் முடிந்ததும் மூவருமே என்.ஹெச்.எல். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த வருடம் 13 வெற்றி, 19 தோல்வி. 2017 ஏப்ரலில், 77 வயதில், பெரன்சன் விலகினார். முன்னாடியே போயிருக்கலாம் என்று அப்போது பலர் சொன்னார்கள். சரி, இரண்டு வருடம் முன்பு போயிருக்கலாம்தான். ஆனால் கானர் ஒரே வருடத்தில் போனதற்கு எழுபது வயதுக்காரரின் பயிற்சிமுறை காரணம் என்று சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். பையன்கள் காத்திருக்கும் காலம் சுருங்கிவிட்டது. அது எந்தப் பயிற்சியாளர் கையிலும் இல்லை.

இப்போது அது இன்னும் சுருங்கியிருக்கிறது. மாணவர்கள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு வருடா வருடம் மாறலாம். 2025 ஆகஸ்டிலிருந்து கனடாவின் மேஜர் ஜூனியர் லீக் வீரர்களும் கல்லூரி அணிகளில் ஆடலாம். ஒரே கோடையில் பாதி அணியை வெளியிலிருந்து திரட்டிவிடலாம் என்பதால், பொறுமை எதற்கு என்று நிர்வாகிகள் கேட்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அப்படித் திரட்டிய அணியில் பத்தொன்பது வயதுப் பையனுக்கு இருபத்திரண்டு வயது மூத்த மாணவன் சொல்லிக்கொடுக்க எதுவும் இருக்காது, இருவருமே அந்த வருடம் வந்தவர்கள். புதிய பயிற்சியாளருக்கு ஐந்து வருட ஒப்பந்தம் போடும் பல்கலைக்கழகம் அந்த ஐந்து வருடத்தையும் உண்மையில் கொடுக்கட்டும். புதுப்பிக்கும் நேரத்தில் வெற்றி தோல்விக் கணக்கின் பக்கத்திலேயே, அவரிடம் வந்த பையன்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்ற கணக்கையும் வைக்கட்டும்.