ஒரு சின்ன ரீல்தான்மா

"ஒரு சின்ன ரீல்தான்மா. 30 செகண்ட். பத்து நிமிஷ வேலை."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5.50க்கு, பையை மாட்டிக்கிட்டு எழுந்து நிக்கிற விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூணாம் வருஷப் பொண்ணுகிட்ட சொல்ற வசனம் இது. அவ விளம்பரக் கம்பெனியில இன்டர்ன், அதாவது வேலை பழக வந்தவ. சம்பளம் கிடையாது. "சரிங்க சார்"னு பையை இறக்கி வைக்கிறதைத் தவிர வேற வழியும் கிடையாது, ஏன்னா காலேஜுக்குக் குடுக்க வேண்டிய சர்டிஃபிகேட் அந்த சார் கையிலதான் இருக்கு.

சரி, அந்தப் பத்து நிமிஷத்தை எண்ணிப் பார்ப்போம். வசதியா உக்காந்துக்கோங்க.

கிளையன்ட் ஒரு ஜவுளிக்கடை. ஆடித் தள்ளுபடி. முதலாளி அண்ணாச்சி தன் ஐபோன்லயே 23 கிளிப் எடுத்து வாட்ஸ்அப்ல தட்டி விட்டிருக்கார், வீடியோவா. டாக்குமென்ட்டா அனுப்பியிருந்தா ஒரிஜினல் தரம் வந்திருக்கும். வீடியோவா வந்தா வாட்ஸ்அப் அமுக்கிப் பிழிஞ்சு, பட்டுப்புடவை ஜரிகை எல்லாம் தூசி படிஞ்ச மாதிரிதான் வரும். ஆக முதல் வேலை, அண்ணாச்சிக்கு போன் போட்டு கூகுள் டிரைவ்ல ஏத்தச் சொல்லிக் கெஞ்சறது. டிரைவ்னா என்னன்னு விளக்கறது. அப்புறம் லிங்க் வரும். திறந்தா அனுமதி கேளுங்கன்னு நிக்கும். திரும்ப போன். மணி 6.45.

இறங்கினது 4கே, 60 ஃப்ரேம். அவ லேப்டாப்ல 8 ஜிபி ராம், அப்பா தவணையில வாங்கிக் குடுத்தது. ஆமா, அவ லேப்டாப்தான். "சொந்த லேப்டாப் அவசியம்"னு விளம்பரத்துலயே போட்டிருந்தாங்களே! அதுல 4கே ஓடாது, திக்கும். 1080க்கு இறக்கிட்டு வெட்டலாமான்னா அதுவும் முடியாது, ஏன்னா அண்ணாச்சி போனைப் படுக்கப் போட்டு எடுத்திருக்கார். ரீலுக்கு நிமிர்ந்த சட்டம் வேணும், 1080க்கு 1920. படுக்கையில எடுத்ததுல நடுத்துண்டை மட்டும் வெட்டி நிமிர்த்தணும்னா 4கே இருந்தாத்தான் தாங்கும். இறக்கினதை வெட்டிப் பெருசாக்கினா மங்கிடும். ஆக ப்ராக்ஸி, அதாவது வெட்டறதுக்கு மட்டும் ஒரு லேசான நகல், போடறதுதான் வழி. 23 கிளிப்புக்கும் ப்ராக்ஸி ஓடி முடியற வரைக்கும் லேப்டாப் ஃபேன் இட்லிமாவு அரைக்கிற சத்தம் போடும். மணி 7.40. இன்னும் ஒரு கட் கூட போடல.

ஐபோன் வீடியோ எச்.டி.ஆர். வேற, அதாவது வெளிச்சமும் கலரும் சாதாவை விட அதிகம் பதியற வகை. அவகிட்ட இருக்கிற பழைய ப்ரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல, சாதா டைம்லைன்ல போட்டதும் புடவை கட்டி நிக்கிற பொண்ணு மூஞ்சி டியூப்லைட்டா வெளுத்துடும். கிளிப் கிளிப்பா கலர் ஸ்பேஸை மாத்தணும். போன் வீடியோவுக்கு ஃப்ரேம் ரேட் ஒரே சீரா இருக்காதுங்கிறதால அண்ணாச்சி பேசற கிளிப்புல வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகும். அந்த ஒரு கிளிப்பை மட்டும் ஹேண்ட்பிரேக்ங்கிற கன்வர்ட்டர் சாஃப்ட்வேர்ல போட்டு, தெளிவு குறையாம, கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்டுக்கு மாத்தி எடுத்தா வாயும் பேச்சும் ஒட்டும். இதெல்லாம் அவளுக்கு அங்க யார் சொல்லிக் குடுத்தது? ராத்திரி ஹாஸ்டல் மொட்டைமாடியில சிக்னல் கிடைச்ச மூலையில உக்காந்து யூடியூப்ல அவளா கத்துக்கிட்டது.

அடுத்து தமிழ். ஜவுளிக்கடை வாசகம் நோட்டீஸ் அடிக்கிற பிரஸ்லேருந்து பாமினி எழுத்துருவுல வரும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓடற யூனிகோடுக்கு மாத்தணும். மாத்தி ப்ரீமியர்ல ஒட்டினா 'கொள்ளைத் தள்ளுபடி'யில 'கொ' மூணா உடைஞ்சு, கொம்பு இடம் மாறி, கால் அனாதையா நிக்கும். ப்ரிஃபரன்சஸ்ல கிராஃபிக்ஸ் போய் டெக்ஸ்ட் என்ஜினை சவுத் ஏசியனுக்கு மாத்தினா சரியாகும். ஒரு நிமிஷ வேலைதான், தெரிஞ்சவங்களுக்கு. அந்த ஆபீஸ்ல எட்டு வருஷ சீனியர்கிட்ட கேட்டா, "தமிழ் ஃபான்ட் எப்பவுமே அப்படித்தான்மா, இங்கிலீஷ்ல போட்டுடு"ங்கிறார். இவர்தான் மென்டார். ஆஃபர் லெட்டர்ல "நிபுணர்களின் நேரடி வழிகாட்டுதல்"னு போட்டிருந்ததே, அது இவர்தான்.

மணி 9. இப்போ பாட்டு. சார் கேக்கிறது இந்த வாரம் ஹிட்டான சினிமாப் பாட்டு. கடையோடது பிசினஸ் அக்கவுண்ட். அதுக்கு இன்ஸ்டாகிராம் குடுக்கிறது உரிமம் பிரச்சினை இல்லாத இசைத் தொகுப்பு மட்டும்தான். மீறி வீடியோவுக்குள்ளேயே பாட்டை வச்சு ஏத்தினா இன்ஸ்டாகிராம் சத்தத்தை அமுக்கிடலாம், வீடியோவையே தூக்கியும் விடலாம். இதை அவ சொன்னா பதில்: "மத்த கடையெல்லாம் போடறாங்களேம்மா?"

அப்புறம் திருத்தம். லோகோவைப் பெருசாக்கு. இன்னும் பெருசாக்கு. முகவரியைக் கீழ போடு. கீழ போட்டா கணக்குப் பேரும் கேப்ஷனும் மேல ஏறி முகவரியை மறைச்சிடும்னு அவ சொல்வா. "போடும்மா, கிளையன்ட் கேக்கறார்." போடுவா. 10.30க்கு அண்ணாச்சி கூப்பிடுவார்: "முகவரி தெரியலையே?" சார் திரும்பி அவளைப் பார்த்து, "இதையெல்லாம் முன்னாடியே யோசிக்கணும்மா." ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் புதுசு, ஃபைனல் அண்ணாச்சி ஓகே. மணி 11.15. ஹாஸ்டல் கேட் 9.30க்குப் பூட்டியாச்சு. வார்டனுக்கு யார் பதில் சொல்றது? "நாங்க எல்லாம் ஒரே ஃபேமிலி"ன்னு சொன்ன சார் பத்தே முக்காலுக்கே கார் எடுத்துட்டுக் கிளம்பிட்டார், மிச்சத்தை வாட்ஸ்அப்ல பார்த்துக்கிறாராம். ஃபேமிலின்னா சோறாவது போடுவாங்க.

இனி காசுக் கணக்கு. சென்னை தரமணிப் பக்கம் மூணு பேர் தங்கற ரூம், சாப்பாட்டோட 7,500 ரூபாய். சாதா பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட் இல்லதான், ஆனா ஓ.எம்.ஆர். ரோட்டுல காலையில 8.30க்கு வர்றதெல்லாம் டீலக்ஸ்தான். அதனால மாசம் 1,000 ரூபாய் பாஸ். வைஃபை பாஸ்வேர்டு "ஸ்டாஃபுக்கு மட்டும்", ஆக டேட்டாவும் அவளோடது. மத்தியானச் சோறு, டீ எல்லாம் சேர்த்தா மாசம் பத்தாயிரத்தை விழுங்கிடும். ஆறு மாசத்துக்கு அறுபதாயிரம். வேலைக்குப் போறதுக்கு ஊர்ல அப்பா சம்பளம் குடுக்கறார், அதான் விஷயம்.

"கத்துக்குடுக்கறோம்ல, அதுக்கு எதுக்கு சம்பளம்"னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு. 1961லயே அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர், சட்டம் வந்தாச்சு. கத்துக்கறவங்களுக்கும் உதவித்தொகை குடுத்தே ஆகணும்னு அது சொல்லுது. 2019 திருத்த விதிகள்ல டிகிரி முடிச்ச அப்ரண்டிஸுக்கு மாசம் குறைஞ்சது 9,000 ரூபாய்னு வச்சாங்க. 30 பேர், அதுக்கு மேல இருக்கிற நிறுவனம் 2.5 சதவீதமாவது அப்ரண்டிஸ் எடுத்தே ஆகணும். அந்த உதவித்தொகையில 25 சதவீதத்தை, 1,500 ரூபாய் வரைக்கும், ஒன்றிய அரசே ஏத்துக்கிற திட்டமும் இருக்கு. அப்புறம் ஏன் யாரும் அப்ரண்டிஸ்னு சொல்றதில்ல? சொன்னா பதிவு பண்ணணும், ஒப்பந்தம் போடணும், காசு குடுக்கணும். இன்டர்னுக்குன்னு தனியா ஒரு சட்டமும் இல்ல. ஒரே பொண்ணு, ஒரே நாற்காலி, ஒரே ஆடித் தள்ளுபடி; பேரை மட்டும் மாத்தினா உதவித்தொகை மிச்சம்.

2024 அக்டோபர்ல பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் வந்ததே? வந்தப்போ மாசம் 5,000, அதுல 4,500 அரசாங்கம், 500 கம்பெனி. ஐநூறு பெரிய கம்பெனிகளுக்கானது, அதுவும் முழுநேரமா படிக்கிறவங்களுக்குக் கிடையாதுன்னுதான் ஆரம்பிச்சாங்க. இவளுக்கு அது பக்கத்து வீட்டுக் கல்யாண விருந்து. வக்கீல்களுக்காவது 2024 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழி காட்டிச்சு: சென்னை, மதுரை, கோவையில ஜூனியருக்கு மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 குறைஞ்சபட்சம்னு. ஜவுளிக்கடை ரீல் வெட்டற ஜூனியருக்கு எந்த கோர்ட்டு?

இதுல காசு குடுக்காதவனைக் கூட மன்னிச்சிடலாம், ஆன்லைன் இன்டர்ன்ஷிப்னு சொல்லி காசு வாங்கறவன் இருக்கான். கால்குலேட்டர் ஒண்ணு, வேலைப்பட்டியல் ஆப் ஒண்ணு செஞ்சு கூகுள் ஃபார்ம்ல போடணும், லிங்க்ட்இன்ல "மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன்"னு அவங்களை டேக் பண்ணி எழுதணும், கடைசியில க்யூஆர் கோடு வரும், சர்டிஃபிகேட் கட்டணமாம். ஒரு மனுஷன் கூட அந்த கால்குலேட்டரைத் திறந்து ரெண்டும் ரெண்டும் கூட்டிப் பார்த்திருக்க மாட்டான்.

சர்டிஃபிகேட்னதும் ஞாபகம் வருது. ஆறு மாசம் முடிச்சு அந்தப் பொண்ணு கையில வாங்கற காகிதத்துல பேரு தப்பா இருக்கும். இனிஷியல் மாறியிருக்கும். காலேஜ்ல ஏத்துக்க மாட்டாங்க. திருத்தித் தாங்கன்னு போய் நின்னா, "டிசைன் ஃபைல் உன்கிட்டதானம்மா இருக்கு, நீயே மாத்தி பிரிண்ட் எடுத்துட்டு வா, சீல் போட்டுத் தர்றேன்." பிரிண்ட் 20 ரூபாய், அதுவும் அவ காசு. அவ சர்டிஃபிகேட்டை அவளே டிசைன் பண்ணி, அவளே தன்னைப் பாராட்டி நாலு வரி எழுதி எடுத்துட்டு வருவா. அழறதா சிரிக்கறதா, நீங்களே சொல்லுங்க.

அப்புறம் இன்னொண்ணு. அந்த ஆபீஸ் வாசல் டீக்கடையில பேப்பர் கப் வர வரச் சின்னதாயிட்டே போகுது, கவனிச்சீங்களா? ரெண்டு மடக்குல காலியாகுது. டீ 15 ரூபாய்.