இடி கேட்டால் தண்ணீரை விட்டு வெளியே வரணும், அவ்வளவுதான்

ஞாயிற்றுக்கிழமை பினாங்கின் பத்து பெரிங்கி (Batu Ferringhi) கடற்கரையில் நம் குழுவின் குடும்ப தினத்தில் நடந்ததைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். வாட்ஸ்அப் குழுவில் நேற்று ராத்திரி வரை ஓடியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. குடும்ப தினத்தைக் கெடுத்துவிட்டேனாம். பிள்ளைகளைப் பயமுறுத்தினேனாம். “சுனாமி அக்கா” என்று பெயரும் வைத்தாயிற்று.

நான் செய்தது இதுதான். இடி கேட்டது. என் பிள்ளைகளைத் தண்ணீரை விட்டு வெளியே வரச் சொன்னேன். பக்கத்தில் இருந்த மற்ற பிள்ளைகளையும் கூப்பிட்டேன். பனானா போட்டில் (மோட்டார் படகு இழுத்துப் போகும் காற்றடைத்த மிதவை) ஏற நின்றவர்களிடம் இப்போது ஏறாதீர்கள் என்றேன். “மழையே இல்லையேக்கா, வெயில் அடிக்குது பாருங்க” என்றார் ஏற்பாட்டுக் குழுத் தம்பி ஒருவர்.

வெயில் அடித்தது உண்மை. தெலுக் பஹாங் பக்கம் வானம் கறுத்திருந்ததும் உண்மை. மின்னல் விழ நம் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டியதில்லை. இடிமேகத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் அது விழும். இடிச் சத்தம் நம் காதுக்கு எட்டும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படியென்றால் சத்தம் கேட்கும் இடத்தில் நிற்கிறவர் மின்னல் எட்டும் இடத்தில்தான் நிற்கிறார். இதில் பயந்த சுபாவம், தைரியம் என்றெல்லாம் பேச என்ன இருக்கிறது? கடைசி இடி கேட்டு 30 நிமிடம் போன பிறகுதான் திரும்ப இறங்கணும். நாம் போட்டிருந்த கூடாரமும் காப்பாற்றாது, அந்தச் சவுக்கு மர நிழலும் காப்பாற்றாது. சுவர் வைத்த கட்டடத்துக்குள் போகணும், இல்லையென்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு காருக்குள் உட்காரணும். இடி கேட்டால் வெளியே வரணும். இதைத்தான் அன்றைக்கும் சொன்னேன்.

“இது தென்மேற்குப் பருவக்காற்று நேரம், பினாங்கில் மழை குறைவு” என்று ஒருவர் பாடம் நடத்தியிருக்கிறார். அந்தப் பருவக்காற்று மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை என்பது எனக்கும் தெரியும், நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான். சுமத்ரா காற்று வருவதும் இதே மாதங்களில்தான் ஐயா. ராத்திரியில் சுமத்ரா பக்கமும் மலாக்கா நீரிணையிலும் இடிமேகங்கள் வரிசை கட்டி, விடியற்காலையிலோ காலையிலோ நம் கரையில் வந்து மோதும். காற்று மணிக்கு 80 கிலோமீட்டர் வரை வீசும். நாம் பிள்ளைகளைக் கடலில் இறக்கியதும் காலையில்தானே?

என் மாமா தெலுக் பஹாங்கிலிருந்து மங்கி பீச்சுக்குச் சுற்றுப்பயணிகளைப் படகில் ஏற்றிப் போனவர். மேற்கே கறுப்பாக ஒரு கோடு எழும்பினாலே கயிற்றை அவிழ்க்க மாட்டார். வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது திடீரென்று சில்லென்று ஒரு காற்று முகத்தில் அடித்தால், “மழை அனுப்பின காத்து இது, இனி நேரமில்ல” என்பார். மேகத்திலிருந்து மழையோடு இறங்கும் குளிர்ந்த காற்று, மழைக்கு முன்னாலேயே தரையோடு பரவி நம்மிடம் வந்துவிடுகிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் படிக்கவில்லை, ஆனால் தெரிந்திருந்தது. காசை நீட்டிக்கொண்டு நின்ற பயணிகள் அவரைத் திட்டியதை நான் சிறுபிள்ளையாகப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அன்றைய வருமானம் போய்விடும், அத்தை முகம் வாடும். அப்படியும் அவர் ஏற்றியதில்லை. “மீனவர்கள் தினமும் போகவில்லையா” என்று கேட்டவர்களுக்கு வேறு பதில் என்னிடம் இல்லை. கடலை நம்பிச் சோறு தின்றவர்கள்தான் முதலில் கரைக்குத் திரும்புவார்கள்.

“கடைசியில் நாலு தூறல்தானே?” ஆமாம், அன்றைக்கு மேகம் கடலோடு ஒதுங்கிப் போய்விட்டது. அது போகும் என்று உங்களில் யாருக்கு முன்னாலேயே தெரியும்? 2019 ஏப்ரலில் தஞ்சோங் தோக்கோங்கில் கடலில் எழும்பிய சுழல்காற்று (வாட்டர்ஸ்பவுட்) கரையேறி வந்து வீட்டுக் கூரைகளைப் பிய்த்தது. அது ஒதுங்கிப் போகவில்லை.

நான் கத்தினேன் என்கிறார்கள். அலைச் சத்தத்தில் மெதுவாகக் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்?

அந்தப் பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26-ம் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைய சுனாமியில் பினாங்கில் மட்டும் 52 பேர் இறந்தார்கள். விடுமுறை என்று கடற்கரைக்குப் போன குடும்பங்களும் அதில் இருந்தன. சுனாமி வேறு, புயல்மழை வேறு, அது எனக்கும் தெரியும். இந்தத் தீவில் இருந்துகொண்டு அந்த வார்த்தையை எடுத்து ஒருத்திக்குக் கேலிப்பெயராக வைக்க எப்படி மனசு வந்தது? அந்தப் பெயருக்குப் பதினைந்து பேர் சிரிப்பு எமோஜி போட்டிருந்தீர்கள். அதில் என் சொந்தக்காரர்களும் உண்டு. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. என் மகள் என் கைபேசியில் அதைப் பார்த்துவிட்டு, “அம்மா, நாம வெளிய வந்தது தப்பா?” என்று கேட்டாள். தப்பில்லை என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அடுத்த தடவை இடி கேட்கும்போது, சிரிப்பார்களே என்று அவள் தண்ணீரிலேயே நின்றுவிட்டால்?

அடுத்த மாதமும் அதே கடற்கரைதான் என்று அறிவித்திருக்கிறீர்கள். போங்கள், நாங்களும் வருகிறோம். காலையில் கிளம்பும் முன் மலேசிய வானிலைத் துறையின் மைசுவாச்சா (myCuaca) செயலியை ஒருவர் திறந்து பார்க்கட்டும். இடிமழை எச்சரிக்கை சில மணி நேரத்துக்குத்தான் செல்லும், அதனால் முந்தின நாள் பார்த்தது போதாது. அங்கே போன பிறகு வானத்தைப் பார்க்கவும், பிள்ளைகளை வெளியே கூப்பிடவும் ஒரு ஆளை வையுங்கள். அவர் கூப்பிட்டால் பனானா போட்டும் நிற்கணும். அந்த ஆள் யார் என்று குழுவில் எழுதுங்கள். யாரும் முன்வரவில்லை என்றால் என் பெயரைப் போடுங்கள், என் சொந்தப் பெயரை.